மனைவி வேடம் யாருக்கு? – தங்கவயல் நாடகமும் நடிகர் தேர்வின் வரலாறும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு சிரிப்பு நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. கணவன், மனைவி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என நான்கே பாத்திரங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடிகர் தேர்வு வைத்தோம். பதினோரு பேர் வந்தார்கள். அவர்களில் ஏழு பேர் பெண்கள். என் அக்காவின் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. கையில் வசனத் தாளை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "சின்னத் தாத்தா, கே.ஜி.எஃப்.ல நீங்க நாடகம் போட்டப்ப ஆடிஷன் எல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இருந்தது. ஆனால் அந்தப் பெயர் இல்லை. "ஆள் எடுக்கறது" என்போம். அதில் எப்போதும் ஒரே ஒரு கேள்விதான் கடைசி வரை தீராமல் நிற்கும்: மனைவி வேடத்தை யாருக்குக் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் தமிழ் மேடை என்ன பதில் சொன்னது என்று பார்த்தால், அது நடிகர்களின் வரலாறாக மட்டும் இருக்காது, நம் வீடுகளின் வரலாறாகவும் இருக்கும். பேத்திக்கு அன்று நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதை இந்த மலரில் எழுதுகிறேன்.

தட்டிச் சுவரும் தங்கமும்

கே.ஜி.எஃப். என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு 2018-இல் வந்த கன்னடப் படம்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது வீடு. அயர்லாந்துக்காரரான லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் 1870-களில் மைசூர் அரசிடம் அனுமதி பெற்றுத் தங்கம் தேடத் தொடங்கினார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் சுரங்கத் தொழில் நிலைத்தது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் மின்விளக்கு வந்தது. ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்து இயந்திரங்களுக்காக, எங்கள் வீடுகளுக்காக அல்ல.

தொழிலாளர் குடியிருப்புக்கு "லைன்" என்று பெயர். பழைய காலத்தில் அவை மூங்கில் தட்டி வீடுகள். பிறகு கல்லும் ஓடும் தகரமும் வந்தாலும், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்த வீட்டில் கணவன் மனைவிக்குச் சண்டை என்றால் அந்த வீட்டில் சோறு சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திக் கேட்பார்கள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அந்தச் சண்டை மறுபடி நடித்துக் காட்டப்படும். கணவன் மனைவி வாய்ச்சண்டையை வைத்து நாடகம் எழுத எங்கள் ஊர்க்காரனுக்கு வெளியே போய்க் கதை தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தொண்டைதான் முதல் தேர்வு

வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து வந்தவர்களுக்குத் தெருக்கூத்து ரத்தத்தில் ஊறியது. கூத்தில் திரௌபதியும் ஆண், சுபத்திரையும் ஆண். யாருக்கு எந்த வேடம் என்பதை வாத்தியார் தீர்மானிப்பார். அவர் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, தொண்டையை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், விடிய விடியப் பாடி, கடைசி வரிசையில் படுத்துக் கிடக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

பாலர் நாடகக் கம்பெனிகளிலும் இதே விதிதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட கம்பெனிகளில் சேர வரும் பையனைப் பாடச் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் எத்தனை கட்டை சுருதிக்குக் குரல் எட்டுகிறது என்று பார்ப்பார்கள். குரல் மெலிதாக இருந்தால் "ஸ்திரீபார்ட்" கிடைக்கும். பதின்மூன்று பதினாலு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராணியாக நின்றவன் இன்று சேவகனாக ஈட்டி பிடித்து நிற்பான். பின்னாளில் சிவாஜி கணேசன் என்று உலகமறிந்தவரும் பாலர் கம்பெனியில் சீதை வேடம் கட்டியவர்தான்.

பெண்கள் மேடையில் இல்லவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அங்கே ஆண் வேடத்தையும் பெண்களே கட்டினார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தனித்தனி ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கவே கூட்டம் கூடும். ஆணும் பெண்ணும் சொல்லுக்குச் சொல் மடக்கிப் பேசும் நகைச்சுவை நாடகத்துக்கு நம் மொழியில் அதைவிடப் பழகிய முன்மாதிரி இல்லை என்பேன். அங்கே தேர்வுக் குழு கிடையாது, ஜனங்கள்தான் தேர்வுக் குழு. பதில் சொல்லத் திணறும் வள்ளியை அடுத்த ஊர்க்காரன் கூப்பிட மாட்டான்.

ஆனால் மேடையேறிய அந்தப் பெண்களைச் சமூகம் தனி இடத்தில் வைத்தது. ஆட்டத்தை ரசித்தது, "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று மட்டும் சொல்லவில்லை.

பெல்லாரியிலிருந்து வந்த மாற்றம்

தொழில்முறைக் கம்பெனிகளைத் தாண்டி, வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடும் அமெச்சூர் வழக்கம் தமிழில் வேரூன்றியதற்கு இன்றைய கர்நாடகத்து ஊர் ஒன்று காரணம். 1891-இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் வேடம் கட்டி நடித்ததைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார் என்ற பதினெட்டு வயது இளைஞருக்கு நாடகத்தின் மேல் இருந்த வெறுப்பு நீங்கியது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். "மனோகரா"வும் "சபாபதி"யும் எழுதியவர் இவர்தான். பிரகசனம் என்ற சிரிப்பு நாடகத்துக்குத் தமிழில் மரியாதை தேடிக் கொடுத்தவர்.

அங்கேயும் நம் கேள்வி விடவில்லை. படித்த ஆண்களின் சபையில் நாயகி யார்? பதில், சி. ரங்கவடிவேலு. பம்மல் நாயகனாக நிற்க, எதிரே பல ஆண்டுகள் நாயகியாக நின்றவர். தம்முடைய "நாடகமேடை நினைவுகள்" நூலில் பம்மல் இந்த நண்பரைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார். மேடையில் ஒரு தம்பதியின் கோபமும் கொஞ்சலும் சரியாக அமைய, இருவருக்கும் இடையே நம்பிக்கை வேண்டும் என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நாம் வாழும் இந்த மாநிலத்துக் கதையும் ஒன்று உண்டு. கன்னடத்தில் வீட்டுப் பேச்சை மேடைக்குக் கொண்டு வந்து சிரிக்க வைத்த டி.பி. கைலாசம் (1884–1946) தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் நிலவியல் படித்து மைசூர் அரசில் வேலை பார்த்தவர், பாறையை விட்டு நாடகத்துக்கு வந்தார். அவர் நாடகம் ஒன்றின் பெயரே "அம்மாவ்ர கண்ட", அதாவது "அம்மாவின் புருஷன்". பெங்களூரில் 1909-இல் தொடங்கிய அமெச்சூர் நாடக சங்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய முயற்சிகளுக்கு இடம் கொடுத்தன. கிருஷ்ணமாச்சார்லுவின் மருமகன் பெல்லாரி ராகவா, வக்கீலாக இருந்துகொண்டே நடித்தவர், குடும்பப் பெண்கள் மேடைக்கு வர வேண்டும் என்று வாதாடிச் செய்தும் காட்டினார். ஆகவே மனைவி வேடத்துக்கு மனைவியரே வரலாம் என்ற பேச்சு பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் எழுந்துவிட்டது.

பாட்டு போய் வசனம் வந்தது

1940-களில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று ஒலிபெருக்கி பரவியது. இரண்டு, திராவிட இயக்க நாடகங்கள் வசனத்தை முன்னால் நிறுத்தின. இனி ஐந்து கட்டையில் பாட வேண்டாம், பேசத் தெரிந்தால் போதும். அண்ணாவின் "சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்" நாடகத்தில் நடிக்க இருந்த எம்.ஜி.ஆர். விலக, வி.சி. கணேசன் என்ற இளைஞரிடம் கட்டு வசனத்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அதுவும் ஒரு நடிகர் தேர்வுதான். தொண்டையின் இடத்தில் வாசிப்பும் நினைவாற்றலும் வந்து உட்கார்ந்தன.

வாசிப்பு என்றதும் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய "தமிழன்" இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வந்தது. சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை இங்கிருந்து அச்சிட்டது. சுரங்கத்தில் இறங்கும் மனிதர்கள் மேலே வந்து கை கழுவிவிட்டுப் பத்திரிகை படித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் வாசித்துக் காட்டினார். சங்கமும் கூட்டமும் படிப்பகமும் இருந்த ஊரில் நாடக மன்றம் முளைக்காமல் இருக்குமா?

1973: எங்கள் ஆள் எடுப்பு

எனக்கு அப்போது பதினாறு வயது. சுரங்கங்கள் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா சாம்பியன் ரீஃபில் அடியில் வேலை. எங்கள் லைன் மன்றத்து அண்ணன் ஒருவர் ஒரு சிரிப்பு நாடகம் எழுதியிருந்தார். சம்பள நாளன்று புருஷன் வீட்டுக்கு வருகிறான், கையில் பாதிச் சம்பளம்தான் இருக்கிறது. மீதி எங்கே என்று மனைவி விசாரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒவ்வொரு பதிலும் ஊசி மாதிரி குத்தும்.

ஆள் எடுப்பு பள்ளிக்கூடத் திண்ணையில் நடந்தது. முதல் கேள்வி, "இன்னா ஷிப்டுப்பா உனக்கு?" என்பதுதான். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நாடகத்தன்று நைட் ஷிப்டு விழுகிறவனுக்கு வேடம் கிடையாது. மிகவும் நன்றாகப் பேசிய ஒருவர் இதனாலேயே திரைச்சீலை இழுக்கப் போனார். இரண்டாவது, வாசிப்பு. படிக்கத் தெரியாதவருக்கு வசனத்தைச் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்தான் கடைசியில் கணவன் வேடத்துக்குத் தேர்வானார். எழுத்துத் தெரியாத அவர் ஒரு சொல்லைக்கூடத் தவற விடவில்லை.

நடுவில் பூமி அதிர்ந்தது. அடியில் எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சுரங்கத்துப் பக்கம் பார்த்தோம். சங்கு ஊதவில்லை. சற்று நேரம் கழித்து யாரோ, "சரி, சொல்லுப்பா" என்றார்கள். எங்கள் ஊரில் சிரிப்பு நாடகத்துக்கு ஒத்திகை என்றால் அப்படித்தான்.

பிறகு மனைவி வேடம். வெளியூரிலிருந்து நடிகையை வரவழைப்பது அக்காலத்து வழக்கம். வசூலான பணம் மைக்செட்டுக்கும் பந்தலுக்குமே சரியாக இருந்தது. நான் யோசிக்காமல், "எங்க அக்கா நல்லா பேசுமே" என்றேன். திண்ணையில் பேச்சு நின்றுபோயிற்று. ஒரு பெரியவர் மட்டும், "நாளைக்கு மாப்ளை ஊட்டுக்காரன் கேட்டா இன்னா சொல்றது?" என்றார். வேடத்தை என் தலையில் கட்டினார்கள். கீச்சுக் குரலில் இடுப்பை வளைத்துக் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். சரிதான், தேர்வாகிவிட்டோம் என்று வீட்டுக்கு ஓடினேன்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தது. என் நடிப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"சம்பளப் பணம் கொறஞ்சா பொம்பள கத்துவாளாடா? கத்தறது ஆம்பள. அம்மாவப் பாத்தது இல்ல? கொரல எறக்குவா. 'அப்டியா'ன்னு ஒரே வார்த்த கேப்பா. அப்பாவுக்கு அதுக்கப்பறம் சோறு எறங்காது."

ராத்திரி ராத்திரியாக அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைச் சொல்லாமல் விழுங்க வேண்டும், பாத்திரத்தை எப்போது 'டக்'கென்று வைக்க வேண்டும், எல்லாம். அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், அக்காவையே போட்டால் என்ன என்று. "எனக்கு ஒண்ணும் இல்லடா. ஊரு ஒண்ணு இருக்குதே" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. அந்த ஊருக்குள் தாமும் ஒருவர் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நாடகத்தன்று குரலை இறக்கி, "அப்டியா?" என்றேன். மைக் அதைக் கடைசி வரிசை வரை கொண்டு போயிற்று. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அந்த ஒரு சொல் மேடையிலேயே செத்திருக்கும். ஆண்கள் பக்கத்தில் ஒரு நொடி அமைதி. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் சிரிப்பு வந்தது. கீச்சுக் குரலுக்குத் திண்ணையில் சிரித்தார்களே, அது அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. இது அவளோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பெண்கள் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தது. நான் பேசப் பேச அதன் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

பாராட்டும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் எனக்குக் கிடைத்தன. டம்ளரை அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி அலமாரியில் வைத்தது, ஒன்றும் சொல்லவில்லை.

ஷிப்டு போய் ரயில் வந்தது

அந்தக் காலத்திலேயே சென்னைச் சபாக்களில் நிலைமை மாறியிருந்தது. 1952-இல் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யு.ஏ.ஏ., பிறகு கே. பாலசந்தர், சோ ஆகியோரின் குழுக்கள் எல்லாம் அலுவலகம் போய்வந்த மாலைகளில் வளர்ந்தவை. கணவன் மனைவி கலாட்டா 1970-களின் பிற்பகுதியில் தனி வகையாகவே ஆயிற்று. கிரேசி மோகனின் "மேரேஜ் மேட் இன் சலூன்" 1983-இல் "பொய்க்கால் குதிரை" என்ற படமாயிற்று. தம் நாயகியருக்கு ஜானகி என்றே பெயர் வைத்தார், அது அவருடைய ஆசிரியையின் பெயர். அங்கெல்லாம் பெண் வேடத்தில் பெண்களே நின்றார்கள். எங்கள் லைன்களுக்கு அந்தக் காற்று வந்து சேர நாளாயிற்று.

அதற்குள் சுரங்கமே போயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊதிய சங்கு நின்றது. பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் வாழ்க்கை வந்தது. எங்களைப் போல் குடிபெயர்ந்தவர்களும் பலர். முன்பு "இன்னா ஷிப்டு?" என்று கேட்டோம். இப்போது நம் சங்கத்து ஒத்திகைக்கு வருகிறவர்களிடம், "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்து சேருவீங்க?" என்று கேட்கிறோம். உழைக்கிறவன் நாடகத்தில் முதல் தேர்வு இன்றும் நேரம்தான்.

சென்ற ஆண்டு ஞாயிறு காலைக்குத் திரும்புகிறேன். ஏழு பெண்களும் வாசித்தார்கள். தேர்வு செய்ய உட்கார்ந்த ஐந்து பேரும் ஆண்கள், நானும் அவர்களில் ஒருவன். ஒரு பெண் நன்றாக வாசித்தாள். எங்களில் ஒருவர், "இன்னும் கொஞ்சம் சத்தமா, கோவமா" என்றார். எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் இரண்டாம் சுற்று. அதற்கு அக்காவை அழைத்துக்கொண்டு போய் எங்களோடு உட்கார வைத்தேன். எழுபது தாண்டிய அக்கா முதலில் கூச்சப்பட்டது. பிறகு தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "கத்தாதம்மா. கொரல எறக்கிக் கேளு" என்றது. சொந்தப் பேத்திக்கு அந்த வேடத்தைக் கொடுக்கவில்லை. வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. "அவளுக்குத்தான் நிறுத்தத் தெரியுது" என்று காரணமும் சொன்னது. பேத்திக்கு இரண்டு நாள் கோபம், பிறகு மாமியார் வேடத்தை வாங்கிக்கொண்டு விழாவில் கைதட்டல் பெற்றாள்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் சங்கங்களில் பெண்கள் மேடையேறுவது இன்று புதிதல்ல. தேர்வு செய்கிற நாற்காலிகளில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு சங்கமும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ரங்கவடிவேலு காலம் முதல் என் காலம் வரை மனைவி எப்படிப் பேசுவாள் என்பதை ஆண்களே முடிவு செய்தோம், ஆண்களே பேசியும் காட்டினோம். என்னைப் போல் சிலருக்கு வீட்டில் ஒரு அக்கா இருந்து திருத்தியிருக்கலாம். அவர்கள் பெயர் எந்த நோட்டீசிலும் அச்சாகவில்லை.

இந்த ஆண்டு விழா அழைப்பிதழில் நாடகத் தேர்வுக் குழுவின் பெயர்களும் இருக்கும். முதல் பெயர் என் அக்காவினுடையது.